ருசியான குழாய்த் தண்ணீர்

அத்தியாயம் 4

"அண்ணே, நான் சிரிப்புக்குத்தாண்ணே சொன்னேன்."

பெரியகருப்பன் இப்படிச் சொன்னபோது, எஞ்சின் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து ஈரத்துணியால் வாயை ஒற்றிக்கொண்டிருந்தான் சூசைராஜ். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

"தெரியும் தம்பி. அடிச்சவங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க" என்றான் அவன்.

அதற்குப் பதில் சொல்லப் பெரியகருப்பனிடம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது புதிது. புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் துப்பறியும் ஹாஜா முகைதீனிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து பதில் இல்லாமல் அவன் வாய் மூடியதில்லை. திருமயத்தில் அவனைப் பெற்றவளே, "இவன் நாக்குக்குத் தனியாச் சோறு போடணும்" என்பாள்.

அந்த நாக்குதான் நேற்று காலை சங்குப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேலையைக் காட்டிவிட்டது.

சங்குப்பட்டினம் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். அங்கே தெருக்குழாய் வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஊருக்கு மேற்கே செம்மண் பூமியில் வெட்டிய கிணற்றிலிருந்து டீசல் எஞ்சின் தண்ணீரை இறைத்து உயரத் தொட்டியில் ஏற்றும். தொட்டியிலிருந்து தெருக்களுக்குக் குழாய் போகும். எஞ்சினை ஓட்டுவதும், தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்குவதும் சூசைராஜின் வேலை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஊரில் வாந்திபேதி கண்டது. பெரிய தெருவில் பரக்கத் நிஷா என்ற இளம்பெண் இறந்தே போனாள். தொட்டியில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் இப்ராஹிம் மரைக்காயர் பயந்துபோய் ஹாஜா முகைதீனுக்குத் தந்தி அடித்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பெரியகருப்பனிடம் டீக்கடை மூக்கன், "தண்ணியில என்னங்க கோளாறா இருக்கும்?" என்று கேட்டான்.

"ஆபரேட்டர் தொட்டிக்குள்ள எறங்கிச் சோப்புப் போட்டுக் குளிக்கிறாரோ என்னமோ! யாராச்சும் ஏறிப் பாத்தீங்களா?"

கடையே சிரித்தது. பெரியகருப்பனும் சிரித்தான். மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்புக்குக் கைகால் முளைத்துவிட்டது. சூசைராஜ் தொட்டிக்குள் இறங்கியதை ஒருவன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். இன்னொருவன் சோப்பின் நிறத்தையே சொன்னான். சாயங்காலம் மீன் ஏலம் முடிந்து திரும்பிய கூட்டம் சூசைராஜைச் சூழ்ந்துகொண்டது.

இன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் தொட்டியடியில் ஊர் கூடப்போகிறது. அதற்குள் உண்மை தெரியாவிட்டால் குழாய்களைப் பூட்டிவிட்டு, சூசைராஜைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவு.

"போவமா கருப்பா?" என்றபடி வந்தார் ஹாஜா முகைதீன். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி. அவருக்குக் கோபம் வந்து பெரியகருப்பன் பார்த்ததில்லை. இன்றும் அவர் அவனை வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கொட்டகைக்கு வெளியே இருந்த குழாயைத் திருகி, கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார் ஹாஜா முகைதீன். முகம் கோணியது.

"பாய்! விஷமா?"

"பிளீச்சிங் பவுடர் வாடை. மூக்குல ஏறுது."

"நேத்து அறந்தாங்கியில காலரா ஊசி குத்தினாங்களே, அந்த ஆசுபத்திரி வாடை" என்று தானும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டான் பெரியகருப்பன். ஊசி போட்ட இடம் இன்னும் வலித்தது.

*

மூக்கனின் கடையில் குழாயைத் திட்டாதவர்கள் இல்லை.

"தண்ணியா இது? டீத்தூளை அள்ளிப் போட்டாலும் மருந்து வாடை போகலீங்க" என்றான் மூக்கன். "ஏவாரமே கெட்டுப் போச்சு."

"ஒங்க வீட்டுல யாருக்காச்சும் ஒடம்புக்கு?" என்றார் ஹாஜா முகைதீன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

மீனவர் தெருவில் ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிக்கிறோம். புள்ளைங்க வெளக்கெண்ணெயைக் குடிக்கிற மாதிரி மூஞ்சியச் சுழிக்குதுங்க." அவள் வீட்டிலும் எல்லாரும் நலம். இடுப்பை ஒட்டி நின்ற பிள்ளைகள் கல்லுக்குண்டாய் இருந்தார்கள்.

பிறகு பெரிய தெருவுக்குப் போனார்கள். நோய் அந்தத் தெருவைத்தான் பிடித்து உலுக்கியிருந்தது. முதல் வீட்டில் ஒரு கிழவர் பாயோடு பாயாகக் கிடந்தார். "குழாய்த் தண்ணியைக் குத்தம் சொல்லாதீங்க. நல்ல ருசி" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு.

மூன்றாவது வீடு சாரா உம்மாளுடையது. இறந்துபோன பரக்கத் நிஷாவின் தாய். அவள் கதவுக்கு அப்பால் நின்று பேசினாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

"எம்மக கடைசியாக் கேட்டது ஒரு வாய்த் தண்ணி, தம்பி. குடுத்தேன். 'நல்லா இருக்கும்மா'ன்னுச்சு. குழாய் வந்த புதுசுல மருந்து நாத்தம்னு ரெண்டு பேருமே வெறுத்தோம். அப்புறம் அந்த நாத்தமே போயிருச்சு. நம்ம ஊருத் தண்ணி மாதிரியே ஆயிருச்சு. அந்த ஆபரேட்டர் தம்பியை எதுக்கு அடிச்சாங்க? அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே."

கதவிடுக்கின் வழியே இரண்டு தம்ளர் தண்ணீர் வந்தது. துக்கவீட்டில் கொடுத்ததை மறுக்கக்கூடாதென்று பெரியகருப்பன் தன் தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டான். ஹாஜா முகைதீன் விளிம்பில் நாக்கு நுனியை வைத்தார். துண்டால் உதட்டைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தார். தெருவுக்கு வந்ததும் ஓரமாகத் துப்பினார்.

பெரியகருப்பனுக்கு அந்தத் தாயின் குரல் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அதை நகர்த்துவதற்காகவே வழக்கம்போல ஒரு வார்த்தையை விட்டான்.

"வேடிக்கையான ஊரு பாய். படுத்தவங்க எல்லாம் குழாயைப் புகழ்றாங்க. நடமாடுறவங்க எல்லாம் திட்டுறாங்க. பேசாம ஊரே சேர்ந்து திட்டிட்டா நோய் போயிரும் போல!"

ஹாஜா முகைதீன் நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

"சிரிப்புக்குத்தான்…" என்றவன் அந்தச் சொல்லைக் கேட்டுத் தானே பயந்து நிறுத்தினான்.

"சிரிப்பில்லே. நேத்துச் சொன்னதை யோசிக்காமச் சொன்னே. இன்னைக்குச் சொன்னதும் அப்படித்தான். ஆனா இதுல விஷயம் இருக்கு. ஒரே தொட்டி, ஒரே குழாய். மூக்கன் குடிக்கிற தண்ணி நாறுது. சாரா உம்மா குடிக்கிற தண்ணி ருசிக்குது. ஏன்?"

"பானையில ஊத்தி வச்சா வாடை அடங்கிடும்ல பாய்?"

"அடங்கும். வாடை அடங்கலாம், உப்பு எங்கேயிருந்து வரும்?"

"உப்பா?"

"நாக்கு நுனியில லேசா உவர்ப்பு. கடலோரத்துக் கிணத்துத் தண்ணியில இருக்குமே, அந்த உவர்ப்பு. குழாய்த் தண்ணி செம்மண் பூமியிலேருந்து வருது. அதுல உப்பே இல்லே. அந்த வீட்டுப் பானைக்குள்ள வேற ஏதோ தண்ணி கலந்திருக்கு. நீ எவ்வளவு குடிச்சே?"

"தம்ளர் முழுக்க" என்றான் பெரியகருப்பன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூத்துக் காட்ட வேண்டிய இடம் இது. அவன் காட்டவில்லை. சூசைராஜின் உதட்டை நினைத்தான். 'எனக்கு வந்தால் வரட்டும்' என்று இருந்தது.

"ஊசி போட்டிருக்கே. அல்லா காப்பாத்துவான்" என்று அவன் முதுகில் கைவைத்தார் ஹாஜா முகைதீன். "இந்த வீட்டுப் பொம்பளைங்க கோஷாவில இருக்கவங்க. தெருக்குழாய்க்கு வரமாட்டாங்க. அப்ப இவங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கிறது யாரு?"

*

மருதாயி எடுத்துக் கொடுத்தாள். குழாய் வருவதற்கு முன்பும் அவள்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் சுமந்தவள். அப்போது ஊரில் பாதி அவளை நம்பியிருந்தது. குழாய் வந்தபின் பெரிய தெருவில் மிஞ்சிய சில வீடுகள்தான் அவளுக்குக் கஞ்சி.

மத்தியான லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு வந்த ஹாஜா முகைதீனும் பெரியகருப்பனும் ஒரு மாட்டுவண்டியின் மறைவில் நின்று அவளைக் கவனித்தார்கள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். நரை விழுந்த தலை, நிமிர்ந்த முதுகு. குழாயில் நிறைத்துக்கொண்டு நடந்தாள்.

"பெரிய தெரு இங்கிட்டுல்ல இருக்கு பாய்? அந்தம்மா அங்கிட்டுப் போகுது!"

அவள் போனது பனங்காட்டுப் பக்கம். சுமையோடு யாராவது சுற்றுவழி போவார்களா? இருவரும் பனைமரங்களுக்குப் பின்னால் தொடர்ந்தார்கள். மணல்மேட்டுக்கு அப்பால் ஒரு பழைய கிணறு இருந்தது. ஊரார் அதைச் சீனிக்கிணறு என்பார்கள். கடற்கரையில் மற்றக் கிணறெல்லாம் கரிக்கும். இது மட்டும் லேசான உவர்ப்போடு கொஞ்சம் இனிக்கும். குழாய் வரும்வரை ஊருக்கு அதுதான் தாய்ப்பால்.

மருதாயி குடங்களை இறக்கினாள். வாளியைக் கிணற்றில் விட்டு இறைத்தாள். முந்தானையைக் குடத்தின் வாயில் விரித்து, அதன்மேல் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். அடுத்த குடத்துக்கும் அப்படியே.

பெரியகருப்பனின் மூச்சு சூடேறியது. "பிடிச்சாச்சு பாய்! குழாய் வந்து பொழைப்பைக் கெடுத்துருச்சு. அதான் குழாய் மேல பழியைப் போட…"

"வாயை மூடு."

ஹாஜா முகைதீன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"நல்லாப் பாரு. விஷம் வைக்கிறவ முந்தானையில வடிகட்டுவாளா?"

அவர் மணலில் இறங்கி அவளிடம் போனார். பெரியகருப்பன் பின்னாலேயே போனான். மருதாயி திடுக்கிடவில்லை. வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்தாள் போலும்.

"தாகமா இருக்கீங்களா? இந்தாங்க."

"ரெண்டும் கலக்குறீங்களே ஆத்தா, எதுக்கு?" என்றார் ஹாஜா முகைதீன்.

மருதாயி சிரித்தாள். "குழாய்த் தண்ணி மருந்து வாடை அடிக்குதுங்க. பெரிய தெருக்காரவுங்க குடிக்க மாட்டாம குடிச்சாங்க. பரக்கத்துப் புள்ள பாவம், குமட்டும். நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் விட்டா வாடை அமுங்கிரும், ருசி வந்துரும். யாரும் சொல்லலீங்க, நானா விடுறேன். கூலி கேக்குறதுல்ல. இத்தனை வருஷம் கஞ்சி ஊத்துன வீடுக."

"கிணத்தைச் சுத்தி முள்வேலி இருந்ததுன்னு மரைக்காயர் சொன்னாரே?"

"இருந்துச்சு. முன்னெல்லாம் ஒரு ஆடு எட்டிப் பாத்தாக்கூட ஊரே சத்தம் போடும். இப்ப யாருங்க குடிக்கிறா? வேலியை அடுப்புக்குப் பிரிச்சுட்டுப் போயிட்டாங்க. துணிகூட இங்கதான் அலசுறாங்க. இந்தா, இந்தக் கல்லுலதான். தோணியில வெளியூரு போயி வாந்திபேதியோட வந்தாரே ஒருத்தரு, அவரு துணி, பாய் எல்லாம் இங்கதான் அலசுனாங்க. மத்தக் கெணத்துல ஆளுக குளிக்கும், கேடாயிரும்னு பாத்துச் சூதானமாத்தான் இங்க கொண்டாந்தாங்க. கெணத்துக்குள்ள இல்லீங்க, தள்ளித்தான்."

ஹாஜா முகைதீன் வாளியை வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த தண்ணீரைத் துவைக்கிற கல்லின்மேல் மெதுவாக ஊற்றினார்.

தண்ணீர் கல்லிலிருந்து மணலுக்கு இறங்கியது. சரிவிலே ஒரு பழைய தடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பழகிய வீட்டுக்குப் போவதுபோல நகர்ந்தது. கிணற்றின் சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அதன் வழியாக உள்ளே இறங்கி, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. அந்தச் சத்தம் மூவருக்கும் கேட்டது.

மருதாயி அந்த ஈரத்தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். கடைசியில் குடங்களைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு…" என்றாள். "அந்தப் புள்ளைக்கு நான் ரெண்டு வாய் கூடவே விட்டேனேய்யா. ருசியாக் குடிக்கட்டும்னு."

தலையிலடித்துக்கொண்டு அவள் அழுவாள் என்று பெரியகருப்பன் நினைத்தான். அவள் அழவில்லை. இரண்டு குடத்தையும் கவிழ்த்தாள். தண்ணீர் முழுதும் மணல் குடிக்கும்வரை நின்றாள். பிறகு காலிக் குடங்களைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

"பாய், ஓடுதே! பிடிக்க வேணாமா?"

"எந்தப் பக்கம் ஓடுறா பாரு."

அவள் பஸ் ரோட்டுக்கு ஓடவில்லை. பெரிய தெருவுக்கு ஓடினாள்.

*

அசர் தொழுகை முடிந்தது. தொட்டியடியில் ஊர் கூடியது. குழாய்களைப் பூட்டுவதற்கான சங்கிலி மரைக்காயரின் காலடியில் கிடந்தது. சூசைராஜ் தனியே ஒரு ஓரத்தில் நின்றான்.

"கருப்பா" என்று காதோரம் சொன்னார் ஹாஜா முகைதீன். "மருதாயி பேரை நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. நேத்து ஒருத்தனை அடிச்ச கை இன்னும் ஆறலே. ஆனா சூசைராஜ் மேல விழுந்த பேச்சை எடுக்கணும். போட்ட வாய்தான் எடுக்கணும்."

பெரியகருப்பன் முன்னால் வந்தான். நேற்றுச் சிரித்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. இவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவான் என்று இரண்டொருவர் உதட்டில் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"குழாய்த் தண்ணியைக் குடிக்கலாம்" என்றான். "நாறும். ஆனா நல்ல தண்ணி. கெட்டுப் போனது சீனிக்கிணறு. நோய்த் துணி அலசுன தண்ணி அதுக்குள்ள எறங்குது. அந்தக் கிணத்துத் தண்ணி கலந்த வீட்டுலதான் நோய். சூசைராஜ் அண்ணன் தொட்டிக்குள்ள எறங்கலே. அதை யாரும் பாக்கலே. அது நான் கட்டிவிட்ட பேச்சு. டீக்கடையில நாலு பேரு சிரிக்கணும்னு சொன்னேன். அவரு ஒதட்டுல இருக்க காயம் நான் போட்டது."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏன்யா," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "கெணத்துத் தண்ணி எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு? காலு மொளைச்சு நடந்து வந்துச்சா? கலந்தது யாரு, அதைச் சொல்லு!"

"ஆமா, ஆளைச் சொல்லு!"

நேற்றாக இருந்தால் பெரியகருப்பனிடம் இதற்குப் பத்துப் பதில் இருந்திருக்கும். இப்போது அவன் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் நெருங்கியது.

அப்போது பெரிய தெருவின் முனையில் தலையோடு போர்த்திய ஒரு வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. ஆண்கள் கூடிய இடத்துக்கு அந்தத் தெருப் பெண் ஒருத்தி வருவதைச் சங்குப்பட்டினம் பார்த்ததில்லை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. சாரா உம்மாள் நடந்து வந்தாள். அவள் கை மருதாயியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. குற்றவாளியை இழுத்து வருகிற பிடியா அது?

"கலந்தது இவ" என்றாள் சாரா உம்மாள், துப்பட்டிக்குள்ளிருந்து. "ஓடி வந்து எங்காலுல விழுந்து இவளே சொன்னா. மருந்து நாத்தம்னு மொகத்தைச் சுழிச்சது நானும் எம்மகளும். அதைப் பாத்துப் பொறுக்காமச் செஞ்சா. வேலியைப் பிரிச்சது யாரு? துணி அலசுனது யாரு? அந்தக் கேள்வியெல்லாம் கேக்கப் போனா இங்க நிக்கிற ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. எம்மகளுக்கு அல்லா எழுதுன ஆயுசு அவ்வளவுதான். இவளை அடிக்கணும்னு யாராச்சும் நெனச்சா மொதல்ல என்னை அடிங்க."

மகளைப் பறிகொடுத்தவளே இப்படிச் சொன்னபிறகு கை ஓங்க யாருக்கு மனம் வரும்? முன்வரிசையில் நின்ற ஒருவன் தன் கையையே பார்த்தான். அதைக் கைலியில் துடைத்துக்கொண்டான். மரைக்காயர் குனிந்து சங்கிலியை எடுத்து ஹாஜா முகைதீனிடம் கொடுத்தார். "இதைச் சீனிக்கிணத்தைச் சுத்திப் போடுங்க பாய்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மருதாயி மட்டும் தலை நிமிரவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூசைராஜ் நொண்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"தாகமா இருக்கு ஆத்தா. ஒரு சொம்புத் தண்ணி குடு."

"என் கையாலயா? வேணாந்தம்பி" என்று பின்வாங்கினாள் அவள். "இனிமே என் கையால யாரும் குடிக்கக் கூடாது."

"எனக்கு ஒன் கையாலதான் வேணும். குழாயில பிடி."

யாரோ ஒரு சொம்பை நீட்டினார்கள். மருதாயி குழாயைத் திறந்தாள். சொம்பை அலசி, மறுபடி அலசி, நிறைத்துக் கொடுத்தாள். கிழிந்த உதட்டில் மருந்துத் தண்ணீர் பட்டதும் சூசைராஜுக்குச் சுரீரென்று எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுதையும் குடித்தான்.

"நாறுதா தம்பி?" என்று மெல்லக் கேட்டாள் மருதாயி.

"நாறத்தான் நாறுது. இன்னொரு சொம்பு ஊத்து."

பெரியகருப்பனின் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வார்த்தை வந்து நின்றது. நல்ல வார்த்தைதான், சொன்னால் ஊரே சிரிக்கும். அவன் அதை விழுங்கினான். சூசைராஜுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் குவித்து மருதாயிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.